ரொட்டியில் வந்த செய்தி

கிர்கிஸ்தானின் தெற்குப் பகுதியில், தாஷ்கெசூ நகரில், செய்தித்தாள் மூடப்பட்ட ஒன்பதாம் நாள் முதல் செய்திகள் ரொட்டியில் வந்தன. அந்தச் செய்தித்தாளின் ஆசிரியர் ஷாயிர்குல் எழுதியது ஒன்றுதான்: கட்டி முடித்ததாகச் சொல்லப்பட்ட பிரசவ ஆஸ்பத்திரிக்கு வாசற்கதவு மட்டுமே இருக்கிறது, அந்தக் கதவுக்கு முன்னால் ஒருத்தி காருக்குள்ளேயே பிள்ளை பெற்றாள், பிள்ளை தங்கவில்லை. காண்டிராக்டர், மாவட்டத் தலைவர் துர்சுன்பெக்கின் மருமகன். பொய்ச் செய்தி பரப்பியதாக நீதிமன்றம் அவளுக்கு மூன்று வருடம் சிறை கொடுத்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு எந்தக் குறையும் இல்லை என்று துர்சுன்பெக் அறிவித்தார். போடுவதற்குப் பத்திரிகை இல்லாததால் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

ரொட்டிக் கடைக்காரன் மமசாதிக்கின் தந்தூர் அடுப்பிலிருந்து அன்று காலை எடுத்த நானூறு ரொட்டியிலும், பொடி எழுத்தில், பழுப்பு நிறத்தில், அதே செய்தி இருந்தது. கீழே வானிலை. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் எர்கெஷ், "யாருய்யா இதை எழுதச் சொன்னது?" என்றார்.

"மாவு பிசைஞ்சது நான். மிச்சத்தை அடுப்புகிட்டதான் கேக்கணும், அண்ணே."

"நக்கலா?"

"மூணாங்கிளாஸ் தாண்டலண்ணே நான். இதுல ஒரு எழுத்துப்பிழை இருக்கா, நீங்களே பாருங்க."

எர்கெஷ் பார்த்தார். இல்லை.

ரொட்டிகளைச் சாட்சியமாகத் தலைநகருக்கு அனுப்பினார்கள். மலைப்பாதையில் பனி விழுந்து வண்டி இரண்டு நாள் நின்றது. காவலர்களிடம் தேநீர் இருந்தது. போய்ச் சேர்ந்தது வானிலை உள்ள ஒரு துண்டு மட்டும். அதை ஆராய்ந்த நிபுணர், வானிலை சரியாகவே இருந்தது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு, ரொட்டியும் ஊடகம்தான், பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிவுப் படிவத்தில் ஆசிரியர் பெயர் கேட்ட இடத்தில் மமசாதிக் ஷாயிர்குல் பெயரை எழுதினான்; முத்திரை குத்துகிறவர் படிக்காமல் குத்தினார். சிறையில் அந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டுத்தான் கொடுத்தார்கள். பெண்கள் துண்டுகளைத் துணியில் வரிசையாக அடுக்கி, படித்துவிட்டு, சாப்பிட்டார்கள்.

துர்சுன்பெக் வீட்டுக்கு மட்டும் பக்கத்து ஊரிலிருந்து எழுத்தில்லாத ரொட்டி வந்தது. ஒரு வருடம் முழுக்க, தினமும் காலையில், ஊரே அவர் மருமகனைத் தேநீரில் தொட்டுத் தின்றது. கடைசியில் ஆஸ்பத்திரிக் கதவுக்குப் பின்னால் இரண்டு மாடி எழும்பியது.

தண்டனை குறைந்து வெளியே வந்த ஷாயிர்குல் நேரே ரொட்டிக் கடை வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்ற பெண்ணுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் தன் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு இன்னும் டாக்டர் வரலையாம்க்கா. ஓரம் கொஞ்சம் கருகியிருக்கு. பரவால்ல, படிக்க முடியுது."

ஷாயிர்குல் சூடாக ஒன்று வாங்கி, நின்றபடியே முதல் பக்கத்தைத் தின்றாள்.