சேர்த்து வைத்த வாரங்கள்

டாக்டர் கையெழுத்திட்ட படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டு டெல்மா முத்திரை குத்தினாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு சீஸ் ஆலையின் பணியாளர் அலுவலகம் அவள் பொறுப்பில் இருந்தது.

"பன்னெண்டு வாரம் லீவு, வெர்லின். சம்பளம் கெடையாது. ஆனா வேலை எங்கயும் போகாது, சட்டம் இருக்கு. மொத்தமாவும் எடுக்கலாம், நாள் நாளாவும் எடுக்கலாம். அம்மாவுக்கு எப்ப வேணுமோ அப்ப."

வெர்லினின் அம்மா ஓப்பலுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஆறேழு மாதம் தாங்கும் என்றிருந்தார் டாக்டர். ஐம்பத்திரண்டு வயதில் இந்த வேலையும் போனால் அந்தச் சின்ன ஊரில் அவனை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதோடு, ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. கிடங்கில் இருந்த ரஸ், மனைவிக்காகப் பன்னிரண்டு வாரத்தையும் ஆரம்பத்திலேயே எடுத்துத் தீர்த்துவிட்டான். அவள் படுத்த படுக்கையானது பதின்மூன்றாவது வாரம். வேலைக்கு வராமல் அவளோடு இருந்தான், வேலை போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லி உச்சுக்கொட்டாத ஆள் கிடையாது. வெர்லின் உஷாராகிவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாட்களை மட்டும் எடுத்தான். எல்லாம் சேர்ந்து ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, அவன் பூட்ஸ் மாட்டும்போது ஓப்பல் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு வீட்ல இரேன்டா. உங்கப்பா உறைஞ்ச ஏரி மேல ஓட்டிப்போய், ஐஸ் உடைஞ்சு வண்டிய முழுக விட்ட கதைய உனக்கு முழுசா சொன்னதே இல்ல."

"இப்ப வேணாம்மா. நெஜமாவே தேவைப்படறப்ப மொத்தமா எடுத்துட்டு உன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

"ஓகோ, நான் இன்னும் போதுமான அளவுக்குச் சாகலையாக்கும்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திப் போனான்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் நுரையீரலில் ரத்தம் கட்டி அவள் போய்விட்டாள். ஆலைக்குள் செல்போன் கூடாது, பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது, வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸிடமிருந்து நான்கு அழைப்புகள்.

சாவுக்கு ஆலை மூன்று நாள் லீவு கொடுத்தது. நான்காம் நாள் டெல்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தான். அவள் அவனுடைய லீவு ஃபைலை மூடப் போனாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றான்.

"பதினோரு வாரம்."

"அத இப்ப எடுத்துக்கலாமா?"

"முடியாது, வெர்லின். அது உயிரோட இருக்கறவங்களப் பாத்துக்கறதுக்கு." சொன்ன பிறகு அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. "உங்க எடத்துல யாரையும் போடல. அப்படியே வச்சிருக்கோம்."

பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? யாரும் அவனைத் தடுக்கவில்லையே.

வலைத்தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனான். கன்வேயர் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, இருபுறத்திலும் நின்றவர்கள் கையை எட்டி நீட்டி அவன் பங்குச் சீஸ் கட்டிகளையும் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஆளுக்கு அரையடி விலகினார்கள்.