ஐந்தாம் பை

"சிரி."

"வரல."

"வராதுன்னா என்னாடி, பல்லு இருக்குதில்ல? காட்டு."

இசைப்பிரியா காட்டினாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்த பிள்ளை மாதிரி இருந்தது. சாமியம்மாள் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். கண்ணாடி மேல் குற்றமில்லை.

மந்தாரக்குப்பத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் மாலை ஆறு மணியிலிருந்து இந்தப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் இளவழகன், முதல் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து, பாயில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"என்னா பண்ணிகினு இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"நாளைக்கி ஸ்கூலுக்குக் கமிட்டி வருதாம். ஒம் பொண்ணு சிரிக்கலன்னா டீசி குடுத்துடுவாங்களாம். காலைல கூப்புட்டு வச்சிச் சொன்னாரு தாளாளரு."

"பரீட்சையில ஃபெயிலா?"

"பரீட்சையில மூணாவது ரேங்க். சிரிப்புலதான் ஃபெயிலு."

சுரங்கத்து டவுன்ஷிப்பில் இருக்கிற அந்தத் தனியார் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. பிள்ளைகளின் மனதையும் கவனிக்க வேண்டும் என்று அங்கே இந்த வருடம்தான் முடிவானது. ஆறாம் வகுப்பு 'பி' பிரிவின் ஆசிரியை திலகவதியைக் கடலூருக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எந்த உணர்ச்சியும் தப்பில்லை, அதைச் சொல்லப் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுங்கள் என்பது முதல் நாள் பாடம். சொன்ன பிறகு ஏன் என்று கேளுங்கள் என்பது இரண்டாம் நாள் பாடம். திலகவதி இரண்டையும் நம்பிவிட்டாள். திரும்பி வந்ததும் துணியில் ஐந்து பை தைத்து வகுப்புச் சுவரில் தொங்கவிட்டாள். மகிழ்ச்சி, வருத்தம், பயம், குழப்பம், கோபம். காலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் அட்டையை அன்றைக்கு எந்த மனநிலையோ அந்தப் பையில் போட வேண்டும்.

தாளாளர் சுப்பிரமணியன் அதை வந்து பார்த்தார். அவர் சுரங்கத்தில் டைம் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ரிட்டயர் ஆனவர். ஷிப்டுக்கு வருகிறவர்கள் பித்தளை டோக்கனை மாட்டும் பலகையைப் பார்த்தே தலை நரைத்தவர்.

"நல்ல ஏற்பாடு டீச்சர். இதையே அட்டெண்டன்ஸா வச்சுக்கலாம்" என்றார்.

மறுநாள் முதல் உணர்ச்சிகளை ஒன்பது மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றானது. தாமதமாக வரும் உணர்ச்சி ஏற்கப்படமாட்டாது. அட்டை பைக்குள் இல்லையென்றால், ஆள் எதிரே நின்றாலும் வரவில்லை. ஆசிரியர்களின் மனமும் முக்கியம் என்பதால் ஸ்டாஃப் ரூமிலும் ஒரு துணி தொங்கியது. அதில் ஒரே பைதான், மகிழ்ச்சி. திலகவதியும் காண்ட்ராக்ட்தான், ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பிக்க வேண்டியவள். எனவே அவள் ஒருநாள் விடாமல் மகிழ்ச்சியாக இருந்து வந்தாள்.

வியாழக்கிழமைகளில் பக்கத்துப் பிள்ளையோடு மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதுவும் மனதுக்கு நல்லது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். முதல் வியாழன் ஹரிணி, இசைப்பிரியாவின் டப்பாவிலிருந்து முந்திரி போட்ட தக்காளிச் சோற்றைப் பாதிக்கு மேல் தின்றாள். செம டேஸ்ட் என்றாள். எந்த பிளாக் என்று கேட்டாள். குவார்ட்டர்ஸ் இல்லை, மந்தாரக்குப்பம். சொந்த ஊர்? சொன்னாள். ஊரில் எந்தத் தெரு? அதையும் சொன்னாள்.

இந்த விவரம் சாயங்காலம் ஹரிணி வீட்டுக்குப் போனது. காலையில் ஒரு கடிதம் வந்தது. தங்கள் மகளுக்கு வெளிச் சாப்பாடு அலர்ஜி என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரத்துக்குள் ஏழு பிள்ளைகளுக்கு அலர்ஜி கண்டது. வினோதமான நோய். ஜெயகணேஷின் எலுமிச்சைச் சோறும் சுபாஷின் சப்பாத்தியும் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு டப்பாவுக்கு மட்டும்தான் ஒவ்வாமை.

இரண்டாம் வியாழன், யாரும் தொடாத டப்பாவை மூடி வைத்துவிட்டு, இசைப்பிரியா தன் அட்டையை எடுத்து ஐந்தாம் பையில் போட்டாள். பதினோரு பள்ளி நாளாக அது அங்கேயே இருக்கிறது. திலகவதி ஏன் என்று கேட்டாள். பிள்ளை சொன்னாள். திலகவதி அதை எழுதித் தாளாளரிடம் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"கமிட்டி மகிழ்ச்சிப் பள்ளின்னு சர்டிஃபிகேட் தர்றதுக்கு வருதும்மா. அந்தப் பை அன்னிக்குக் காலியா இருக்கணும்" என்றார்.

இதெல்லாம் சாமியம்மாளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வியாழக்கிழமை டப்பா நிரம்பியபடி திரும்பி வருவதுதான். பசிக்கலை என்று மகள் சொன்னதை ருசிக்கலை என்று புரிந்துகொண்டாள். காடாம்புலியூரிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்த முந்திரியை வாராவாரம் கூட்டிப் போட்டாள். இன்றைக்குச் சோற்றைவிட முந்திரி அதிகம். அதுவும் அப்படியே வந்து கண்ணாடிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"யாரு மேலதான்டி கோவம்?" என்றாள் கடைசியில். "சோறு புடிக்கலன்னா சொல்லேன். வேற செஞ்சி தர மாட்டனா?"

"சோறு நல்லாத்தாம்மா இருக்குது. நம்ம டப்பாவ யாரும் தொட மாட்டேங்கறாங்க. எந்தத் தெருன்னு கேட்டாங்க. சொன்னன்."

சாமியம்மாள் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இது தெரியாம நானு முந்திரியா கொட்டிகினு இருந்தன் பாரு" என்றாள்.

இளவழகன் எழுந்து வந்து டப்பாவைத் திறந்து, நின்றபடியே தின்ன ஆரம்பித்தான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சடை பின்னும்போது சாமியம்மாள் கேட்டாள்.

"இன்னிக்கி எதுல போடப் போற?"

"கோவத்துல."

"போடு. தலய ஆட்டாத, ரிப்பன் கட்டணும்."

ஆனால் தாளாளர் ஏழு மணிக்கே கத்தரிக்கோலோடு வந்துவிட்டுப் போயிருந்தார். ஐந்தாம் பை இருந்த இடத்தில் காகிதச் சூரியகாந்தி ஒன்று பூத்திருந்தது. பிள்ளைகள் வரிசையாக மகிழ்ந்தார்கள். மணி அடித்தது. இசைப்பிரியா மட்டும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு துணிக்கு முன்னால் நின்றாள். அப்போதுதான் கமிட்டி உள்ளே நுழைந்தது.

"பாப்பா, நீ இன்னும் வைக்கலியா?" என்றார் கமிட்டித் தலைவி சந்திரகலா.

"என் எடத்த எடுத்துட்டாங்க மேடம்."

சுப்பிரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்பது அஞ்சு. டீச்சர், ஆப்சென்ட் போட்டுடுங்க."

திலகவதி பதிவேட்டைத் திறந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். அப்புறம் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, புடவைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, இசைப்பிரியாவின் அட்டையை வாங்கிச் சூரியகாந்தியின் நடுவில் குத்தினாள். வெளியே போனாள். ஸ்டாஃப் ரூமிலிருந்த தன் அட்டையோடு திரும்பி வந்தாள். அதையும் அதே ஊக்கில் கோத்துவிட்டு, சரிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏன்னு கேளுங்க மேடம். ரெண்டாம் நாள் பாடம் அதான்."

சந்திரகலா கேட்டார். இசைப்பிரியா இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அலர்ஜி கண்ட ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஹரிணி தன் மகிழ்ச்சி அட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சந்திரகலா நிறைய எழுதிக்கொண்டார்.

சான்றிதழ் சனிக்கிழமையே வந்துவிட்டது. மாணவர்கள் தங்கள் கோபத்தைத் தடையின்றி வெளிப்படுத்துகிறார்கள் என்ற தலைப்பில் பள்ளிக்கு முழு மதிப்பெண். அலர்ஜியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குத் தலைப்பு இல்லை.

திங்கள்கிழமை காலை எட்டரைக்குச் சாமியம்மாளைக் கூப்பிட்டார்கள். இசைப்பிரியா டப்பாவோடு கூட நின்றாள். சுப்பிரமணியன் டீசி புத்தகத்தை எடுத்தார். பெயர், தகப்பனார் பெயர், வகுப்பு, நடத்தை எல்லாம் அழகான கையெழுத்தில் மளமளவென்று இறங்கி வந்தன. 'விலகும் காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"சொந்த விருப்பம்னு போட்டுக்கலாமா?"

"எனக்கு அந்த விருப்பம் இல்லீங்க. உள்ளத எழுதுங்க. தெருவக் கேட்டுட்டு டப்பாவத் தொடல, அதுக்குப் பொண்ணு கோவப்பட்டுச்சி, அதனால அனுப்புறம்னு எழுதுங்க. கீழ நானு கையெழுத்துப் போடறன்."

டைம் ஆபீசில் முப்பத்து நான்கு வருடத்தில் அவர் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. திலகவதியை வரச் சொன்னார்.

"டீச்சர், இந்தக் கட்டத்துல என்ன எழுதலாம்? நீங்களே சொல்லுங்க. ஏப்ரல் வேற வரப் போகுது."

"எனக்குத் தெரிஞ்ச காரணம் ஒண்ணுதான் சார். அத அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன்."

சுப்பிரமணியன் பேனாவை மூடிவைத்தார்.

"யோசிக்கணும்" என்றார்.

"யோசிங்க. அதுவரைக்கும் புள்ள கிளாசுல இருக்கட்டும்" என்ற சாமியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கி முந்திரி போடலடி. யாரையும் இழுக்கணும்னு இல்ல. நீ துன்னு."

மணி எட்டு ஐம்பது. இசைப்பிரியா நேரத்துக்கு வகுப்புக்குப் போய், சூரியகாந்தியிலிருந்து ஊக்கைக் கழற்றி, இரண்டு அட்டைகளையும் துடைத்து, அதே இடத்தில் திரும்பவும் குத்தினாள்.