நெற்றிக்கு வராத கை

கரும்பாலை நின்றுவிட்டால் நீக்ரோஸ் தீவில் அடுத்த கரும்பு வெட்டு வரைக்கும் செத்த காலம். வேலை கிடையாது, கூலி கிடையாது. அந்த வருடம் செத்த காலத்தில் டான் ஹெர்னானியின் கரும்புப் பண்ணைக் கூலிகள் சிலர், வெகு நாளாகத் தரிசாகக் கிடந்த அவருடைய மேட்டு நிலத்தில் மண்வெட்டியோடு இறங்கிச் சர்க்கரைவள்ளிக் கொடி வைத்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உழுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன நிலம்தான் அது. சொன்னதோடு சரி.

இறங்கச் சொன்னவள் ஜொவெலின். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சங்க வேலைக்கு வந்தவள். சாயங்காலங்களில் தேவாலயத்துக் கொட்டகையில் வகுப்பு எடுப்பாள். நிலம் இயற்கை, நிலத்துக்குச் சொந்தக்காரன் இயற்கை இல்லை என்பாள். முதலாளி, கூலி என்பதெல்லாம் மனிதன் எழுதிய நாடகம்; நடிப்பவர்கள் எழுந்து போய்விட்டால் நாடகம் முடிந்தது என்பாள்.

முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் கிளாரிபெல்லுக்குப் பத்தொன்பது வயது. எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பவள். வகுப்பில் சொல்வது அவளுக்குப் புரிந்தது. ஆனால் டான் ஹெர்னானியின் வண்டி பண்ணைச் சாலையில் வந்தாலே தன் முதுகு தானாக வளைவதையும் அவள் கவனித்திருந்தாள். நாடகம் என்றால் முதுகுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தது யார்? இதை வகுப்பில் கேட்க அவளுக்குக் கூச்சம்.

பண்ணையில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல், ஞானஸ்நானத்தின்போது தகப்பன் ஸ்தானத்தில் நின்ற ஞானத்தந்தை அவர்தான். நினோங் என்று கூப்பிட வேண்டும். அவர் கையை நீட்டினால் அதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளாரிபெல்லுக்கும் அவர்தான் நினோங், அவள் தம்பி ஜூனெலுக்கும் அவர்தான். போன செத்த காலத்தில் ஜூனெல் காய்ச்சலில் இறந்தபோது அவர் வெள்ளைச் சவப்பெட்டி அனுப்பினார். என்ன தாராள மனசு என்று பண்ணையே பேசியது.

கொடி நன்றாகப் படர்ந்தது. கிழங்கு இன்னும் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் டிராக்டர் வரப்போகிறது என்று சேதி வந்தது. உழுதுவிட்டால் அடுத்த கரும்பு வெட்டு வரைக்கும் சாப்பிட எதுவும் இல்லை. ஜொவெலின் எல்லோரையும் நிறுத்தி, கையோடு கை கோத்து நிற்கப் பழக்கினாள். காவலாட்கள் துப்பாக்கியோடு வந்தால் என்ன செய்வது, போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று எல்லாம் பேசி வைத்தார்கள்.

காலையில் டிராக்டர் வந்து மேட்டோரம் நின்றது. அதன் முன்னால் டான் ஹெர்னானி தனியாக நடந்து வந்தார். கையில் தடி கூட இல்லை. நல்லா இருக்கீங்களா என்று சிரித்தபடியே வரிசையில் முதலில் நின்ற கிளாரிபெல்லின் அப்பா புரொகோபியோவிடம் கையை நீட்டினார்.

இதற்கு மட்டும் யாரும் தயாராக இல்லை. அந்தக் கையை எடுக்க வேண்டுமென்றால் கோத்த கையை விட வேண்டும். புரொகோபியோ மகளின் கையை விட்டார். குனிந்தார். பின்னால் ஜொவெலின் கோஷம் போட்டாள். பதில் குரல் எழவில்லை.

கை அடுத்ததாகக் கிளாரிபெல்லிடம் வந்தது.

"என்ன கிளாரி, நினோங்கை மறந்துட்டியா?"

அவள் முதுகு வளையத் தொடங்கியது. ஆத்திரம் முதலில் அந்த முதுகின் மேல்தான் வந்தது. நிமிர்ந்து நின்றாள்.

"ஜூனெலும் உங்க பிள்ளைதான். அவன் காய்ச்சல்ல கெடந்தப்ப எங்கப்பா உங்க கேட்டுல பொழுதுக்கும் நின்னாரு. நீங்க வெளிய வரல. அவன் செத்தப்புறம் பெட்டி வந்துச்சு. அப்பன்னா மொதல்ல மருந்துல்ல வரணும்?"

"நல்ல மரம்மா அது," என்றார் அவர். "நானே போய்ப் பாத்து வாங்கினேன்."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். கை அவளைத் தாண்டி விதவை பாசிங்கிடம் போனது. பாசிங் இரண்டு கைகளையும் பாவாடையில் துடைத்தாள், பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையெல்லாம் மண்ணுங்கய்யா. உங்க கை அழுக்காயிடும்."

அதற்கு அடுத்தவன் தன் கைகளைப் பார்த்தான். அவை சுத்தமாகத்தான் இருந்தன. குனிந்து ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து நன்றாகத் தேய்த்துக்கொண்டு, "எனக்கும் அதே கதைதாங்க," என்றான். ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

டான் ஹெர்னானியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கியது. அவர் முகத்திலிருந்து நினோங் எங்கோ போய்விட்டார். "என் சோத்தைத் தின்ன நாய்ங்க," என்றவர் திரும்பிக் கையசைத்தார். டிராக்டருக்குப் பின்னாலிருந்து காவலாட்கள் துப்பாக்கிகளோடு எழுந்து வந்தார்கள். வண்டியோடு வந்து அங்கேயே பதுங்கியிருக்க வேண்டும். ஒருவன் வாயில் வெற்றிலை சிவந்திருந்தது. துப்பாக்கிக் கட்டையால் நெட்டித் தள்ளினார்கள். ஜொவெலினின் உதடு கிழிந்தது. டிராக்டர் மேட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை உழுதுவிட்டுப் போனது.

புழுதி அடங்கியது. தான் அந்தக் கையைத் தொட்டிருந்தால் பாதி நிலமாவது தப்பியிருக்குமோ என்று கிளாரிபெல் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தப்பியிருக்காது என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜொவெலின் உதட்டைத் துடைத்துக்கொண்டு, முகமூடி கிழிந்துவிட்டது தோழர்களே என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு," என்றாள் கிளாரிபெல்.

புரொகோபியோ உழுத மண்ணில் இறங்கினார். அறுபட்டுக் கிடந்த கொடிகளில் ஒன்றை எடுத்து, சாண் அளவுக்கு ஒடித்து மண்ணில் செருகிக் காலால் அமுக்கினார். அடுத்ததை எடுத்தார்.

"நல்லா ஆழமாத்தான் உழுதிருக்கான்," என்றார்.

பாசிங் இறங்கினாள். பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். இனிமேல் வைக்கும் கொடியில் கிழங்கு பிடிக்கத் தாமதமாகும். நடுவில் பட்டினி உண்டு. டான் ஹெர்னானி மறுபடியும் டிராக்டரை அனுப்புவான். எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. கிளாரிபெல் அப்பாவுக்குப் பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டே போனாள்.

"நான் கேட்டுல நின்னதை இத்தனை பேர் முன்னால நீ சொல்லியிருக்க வேணாம்," என்றார் அவர், தலை நிமிராமல்.

"நீங்க சொல்லியிருக்கணும்ப்பா."

அவர் வரிசை முடியும்வரை நட்டார். பிறகு நிமிர்ந்து, டிராக்டர் போன சாலையைப் பார்த்து, காறித் துப்பினார்.