எந்த அட்டையிலும் இல்லாத ஆரஞ்சு

1

இந்தக் கதை ஒரு மருந்துக்கடை வரிசையில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பது கொஞ்சம் நாகரிகமான சொல். ஒட்டுக்கேட்டேன்.

மாலை ஆறு மணி இருக்கும். எனக்கு முன்னால் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். கவுண்டர்மேல் மூன்று பொருள்களை வைத்தாள்: ஒரு மாத்திரை அட்டை, ஒரு பர்ஸ், நூல் சுற்றும் பிளாஸ்டிக் கோன் ஒன்று. கோனின் நுனியில் கம்பி வளையம். வளையத்தில் ஒரு சாவி. பிறகு, எனக்குப் பின்னால் நின்ற ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும் குரலில் மருந்தாளரிடம் கேட்டாள்:

"ஏம்மா, இந்த மாத்திரை சாப்பிட்டா யூரின் ஆரஞ்சா போகுதே, அது என்ன சாயம்?"

வரிசையில் ஒருவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவேயில்லை.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. என்ன சாயம் என்று கேட்டாள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். பதினோரு நாளாக அதனோடுதான் குடித்தனம். அவளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தவை ஐந்தாறு வாக்கியங்கள். மீதியெல்லாம் நான் கட்டுவது. எந்த இடத்தில் கட்டுகிறேன் என்று முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

2

முதல் வாக்கியம் பிடிபடவில்லை.

"அடிவயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல்—"

வேண்டாம். இந்த வலியை எழுத உட்காருபவர்கள் எல்லோரும் தீப்பெட்டியோடுதான் வருகிறார்கள்.

"மூன்று நாளாக அவள் கண்ணாடித் தூளை—"

இதுவும் பொய். கண்ணாடித் தூள் எப்படி வலிக்கும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

வலி உண்மையில் இப்படித்தான்: போக வேண்டும் போலிருக்கும். போனால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டுக்குள் உயிர் போய் வரும். எழுந்து கதவைத் திறப்பதற்குள் மறுபடி போக வேண்டும் போலிருக்கும். அவ்வளவுதான். உவமையெல்லாம் வலி நின்ற பிறகு வருவது. (எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பின்னால் வருகிறேன்.)

கடைசியில் மிகச் சாதாரணமான ஒரு வாக்கியம் வந்து நின்றது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அன்று காலை அவள் தண்ணீர் குடித்தாள்.

ஒரு லிட்டர் பாட்டில். வேலைக்கு வந்ததும் பாதி, ஒன்பது மணிக்கு மீதி. முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் சொல்லியிருந்தார்: சிறுநீர்ப்பையில் கிருமி, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வெள்ளை மாத்திரை கிருமிக்கு, ஐந்து நாள், மெரூன் மாத்திரை வலிக்கு, இரண்டே நாள். இன்னும் ஏதோ சொன்னார். அப்போது அவள் அந்த ஆஸ்பத்திரியில் கழிவறை எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோருக்கும் அவள் ஷேடக்கா. துணிக்குச் சாயம் ஏற்றும் தொழிற்சாலையின் லேபில் வேலை. துணி வாங்குகிறவர் விரலளவு துண்டு ஒன்றை அனுப்பி "இந்த ஷேடு வேணும்" என்பார். அதைப் பார்த்துப் பார்த்துச் சாயங்களைக் கலந்து, வெள்ளைத் துணியை முக்கி, உலர்த்தி, விளக்குப் பெட்டிக்குள் அசலின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவாள். பெட்டியில் மூன்று விளக்குகள்: பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் பல்பு. சில நிறங்கள் ஒரு விளக்கில் ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கும், அடுத்த விளக்கில் யாரோ எவரோ ஆகிவிடும். நிறம் அளக்க மெஷினும் இருக்கிறது. மெஷின் "சேர்ந்தது" என்று சொல்லி ஷேடக்கா "சேரலை" என்று சொன்னால், துணி அனுப்பப்படாது.

இருபத்திரண்டு வருடம். அந்த இருபத்திரண்டு வருடமும் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் அரை டம்ளர், மதியம் வாய் நனைய ஒரு வாய். காரணம் அந்தக் கோன்.

பெண்கள் கழிவறைச் சாவி லேப் இன்சார்ஜின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். இரண்டு முறை தொலைந்துபோனதால், இனித் தொலையக் கூடாதென்று அதைக் கோனில் கட்டிவிட்டார்கள். கைக்குள் அடங்காது, எங்கும் மறையாது. கழிவறையோ மெஷின் கூடத்தின் மறுகோடியில். பன்னிரண்டு மெஷின், மெஷினுக்கு ஓர் ஆள்.

"அக்கா கோன் எடுத்தாச்சு, மணி பாத்துக்கோப்பா."

"இன்னிக்கு இது ரெண்டாவது ரவுண்டு."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெயில் ஏறிவிட்டது என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவளுக்குத்தான் பன்னிரண்டு மெஷின் தூரமும் முதுகு வேர்க்கும்.

(கோனை என் கண்ணால் பார்த்தேன். கழிவறையும் பன்னிரண்டு மெஷினும் நான் கட்டியவை. ஒரு சின்னச் சாவியை அத்தனை பெரிய பொருளில் கட்ட வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.)

4

இன்சார்ஜ் பற்றி ஒரு வாக்குமூலம். முதல் வரைவில் அவரைக் கொடுமைக்காரராக எழுதினேன், மீசை முறுக்கி, மேஜையைத் தட்டி. பிறகு அதை அடித்துவிட்டேன். அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் வெடித்துவிடலாம், கதை சுலபமாகிவிடும்.

இப்போது இருப்பவர் வேறு. அவளைவிடப் பத்து வயது சின்னவர். "அக்கா, நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்குத் தூக்கம் வரும்" என்பவர். அவள் சாவியை எடுக்க வரும்போது மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த மரியாதையைத் தாண்டித்தான் அவள் கையை நீட்ட வேண்டும். நல்லவர்களிடம் கேட்பது பெரும் பாடு.

5

அந்த வாரம் ஓர் ஆரஞ்சு அவர்களைப் படுத்திக்கொண்டிருந்தது. ஆறு முறை அனுப்பி ஆறு முறையும் திரும்பிவிட்டது. பகலில் சேரும், மஞ்சள் பல்பில் சிவந்துவிடும். மறுநாள் ஏழாவது அனுப்ப வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஒரு வெள்ளை, ஒரு மெரூன். ஒன்பதரைக்கு, சாயத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துகொண்டிருந்தபோது, ஏதோ ஒரு சத்தம் நின்றுவிட்டதாக அவளுக்குப் பட்டது. நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நின்றது உள்ளே.

இந்த இடத்தில் நான் மூன்று நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பொட்டளவு ஒரு மாத்திரை. வாய் வழியாக உள்ளே போகிறது, ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றுகிறது, கண்ணையும் காதையும் முழங்காலையும் கடந்து போகிறது. எங்கே நோகிறதோ அந்த இடத்தின் சுவரை மட்டும் வந்து தடவிக்கொடுக்கிறது. அதற்கு யார் வழி சொன்னது? மூன்று நாள் அந்தக் கேள்வியின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போதும் பதில் தெரியாது. மருந்து படித்தவர்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அவர்களுக்கு ஆச்சரியம் தீராமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வலி இல்லாத தைரியத்தில் அவள் கோனை எடுத்துக்கொண்டு போனாள். உட்கார்ந்தாள். வலிக்காமல் போனது. கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுந்து திரும்பிப் பார்த்தாள்.

ஆரஞ்சு.

வேறு யாராக இருந்தாலும் ரத்தம் என்று அலறியிருப்பார்கள். அவள் கண்ணுக்கு அது ரத்தமில்லை என்று பட்டென்று தெரிந்தது. இது சாயம். காலையில் தராசில் நிறுத்த ஆரஞ்சுப் பொடி நினைவுக்கு வந்தது. லேபுக்குள் யாரும் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்று இருபத்திரண்டு வருடமாகச் சத்தம் போடுகிறவள் அவள். இன்றைக்கு அவள் பாட்டில்தான் மேஜைமேல் இருந்தது. பொடி பறந்து விழுந்திருக்கிறது. குடித்துவிட்டாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். லிப்ட் மெக்கானிக்.

"லிப்டு மேல நிக்கிறேன், சட்டுனு சொல்லு."

"ஒண்ணுமில்லங்க... தண்ணி குடிச்சீங்களா?"

"இத கேக்கவா போன் பண்ணினே?"

"ஆமா."

"நீ குடிச்சியா?"

போனில் எங்கோ இரும்புக் கயிறு உரசும் சத்தம் கேட்டது.

"என்னடி, சொல்லு."

"குடிச்சேன். வெச்சுடறேன்."

மதிய மாத்திரைகளைக் கையில் வைத்துப் பார்த்தாள். வயிற்றுக்குள் சாயம் இருக்கும்போது அதன்மேல் இன்னும் மருந்தைப் போடலாமா? போடாவிட்டால் சாயங்காலத்துக்குள் அந்த நாலு சொட்டு திரும்பி வரும். யாரிடமாவது கேட்டால் தெரிந்துவிடும். கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவள் கண் பார்த்து முடிவு செய்யாத விஷயம் எதுவும் அந்தக் கட்டடத்தில் இல்லை. இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் இல்லை.

6

ஆகவே அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

ஒரு கண்ணாடிக் குவளையையும் கோனையும் எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். மெஷின்காரர்கள் ஏதோ சொன்னார்கள். முதல் தடவையாக அது அவள் காதில் விழவில்லை. திரும்பி வந்து, கையுறை மாட்டி, வெள்ளைத் துணித்துண்டை இடுக்கியில் பிடித்து முக்கி, உலர்த்தி, விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள். பக்கத்தில் லேபில் இதுவரை கலந்த ஆரஞ்சுகளின் மாதிரி அட்டைகள் அத்தனையும். நாற்பத்தொன்று.

(சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.)

ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எதுவும் சேரவில்லை. இது லேபின் ஆரஞ்சு இல்லை! விட்ட மூச்சில் துணி அசைந்தது. அப்படியென்றால் இது யாருடையது? மெரூனாக உள்ளே போனது. ஆரஞ்சாக வெளியே வருகிறது. பகல் விளக்கைப் போட்டாள். கடை விளக்கு. மஞ்சள் பல்பு. மூன்றிலும் அசையாமல் அப்படியே நின்றது. இத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட ஒரு நிறத்தை அவள் கலந்ததில்லை. ஒரு மாத்திரையும் தன் உடம்பும் சேர்ந்து, தன்னைக் கேட்காமலேயே, உள்ளே ஒரு லேப் நடத்திக்கொண்டிருக்கின்றன. விளக்கை அணைக்க மனம் வராமல் நின்றாள்.

இன்சார்ஜ் பின்னால் வந்தது தெரியவில்லை. அவர் துணியை எடுத்து, வாங்குகிறவர் அனுப்பிய அசலின் பக்கத்தில் வைத்தார். மூன்று விளக்கையும் போட்டார். இரண்டு முறை போட்டார்.

"அக்கா!"

"சார், அத வெச்சிடுங்க."

"இதுதான் அக்கா! ஆறு தடவ நாம செத்தது இதுக்குத்தான். எப்பப் போட்டீங்க? ரெசிப்பி சொல்லுங்க."

7

அவள் என்ன சொன்னாள்?

(அ) "தப்பா வந்த துண்டு சார்" என்று பிடுங்கிக் குப்பையில் போட்டாள். அவர் குப்பைத்தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) ஒன்றும் சொல்லவில்லை. துணி ஏழாவதாகப் போனது, நிறம் ஒத்துக்கொள்ளப்பட்டது. நண்பர்களிடம் சொன்னபோது எல்லோரும் இதற்குத்தான் கைதட்டினார்கள். ஆனால் ஆயிரம் மீட்டர் துணிக்கு மறுநாள் அவள் எங்கே போவாள்?

(இ) சொன்னாள். முழுவதும். அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கை கழுவினார். சோப்பு நுரையோடு நின்று, "எத்தன நாளாக்கா வலி?" என்று கேட்டார். "மூணு நாளா சார்." "தண்ணி குடிக்கறதில்லையா?" அவள் அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அதன் பிறகு

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.

8

மூன்றில் எது நடந்திருந்தாலும் மாலை ஆறு மணிக்கு அவள் அந்தக் கவுண்டருக்கு வந்தாக வேண்டும். அது மட்டும் நான் கட்டியதில்லை.

"அது என்ன சாயம்?" என்று கேட்டாள். மருந்தாளர், கண்ணாடி போட்ட சின்னப் பெண், கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சாயம்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நான் சாய லேப்ல வேலை பாக்கறேன்."

"நெஜமாவே சாயக் குடும்பந்தாம்மா அது. துணிச் சாயத்துக்குச் சொந்தக்கார மருந்து. ஆரஞ்சாதான் போகும், பயப்படாதீங்க. டாக்டர் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாரு. நான் அங்க இல்ல."

அவள் மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். பிறந்த குழந்தையை முதலில் பார்ப்பவர்களுக்கு அப்படி ஒரு முகம் இருக்கும்.

"இருபத்திரெண்டு வருஷமா நான் சாயத்துக்கு வேலை பாத்தேன். இன்னிக்குத்தான் அது எனக்கு வேலை பாத்திருக்கு. இன்னும் ரெண்டு அட்டை குடும்மா."

"தர மாட்டேன். ரெண்டு நாளுக்கு மேல கூடாது. இது வலிய மட்டுந்தான் பாத்துக்கும், கிருமிய தொடாது. வெள்ளைய அஞ்சு நாளும் முடிங்க, வலி போயிடுச்சுன்னு விட்றாதீங்க."

"மதியம் ரெண்டையும் விட்டுட்டேன்."

"இப்பப் போடுங்க. இந்தாங்க தண்ணி."

எங்கள் எல்லோர் முன்னாலும் போட்டு, டம்ளரைக் காலி செய்தாள். கிளம்பினாள். கோன் கவுண்டரிலேயே இருந்தது.

"உங்க சாவி," என்றேன்.

அதைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "வேலை செய்யற எடத்துச் சாவி. எங்கூடயே வந்துடுச்சு," என்று பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது என் கதை. என் சட்டைப்பையில் டாக்டர் சீட்டு எட்டாக மடித்துக் கிடந்தது. அதே நோய், அதே மெரூன். அன்று இதற்கு முன்னால் இரண்டு கடைகளில் ஏறி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வாய் வராமல் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தேன். எனக்கு இருமல் இல்லை.

"உங்களுக்கு?" என்றாள் மருந்தாளர்.

"எனக்கும் அதேதான்," என்றேன். நடுவில் குரல் கம்மியது. ஆனாலும் வந்துவிட்டது.

9

மறுநாள் காலை என் குளியலறையில் அந்த ஆரஞ்சை நானும் பார்த்தேன். எனக்கு நிறங்கள் தெரியாது. இருந்தும் கொஞ்ச நேரம் தண்ணீர் ஊற்றாமல் நின்றேன்.

அதே நேரத்தில் அவள் லேப் வாசலில் நின்றிருக்க வேண்டும். கையில் நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டில், பையில் கோன். உள்ளே இன்சார்ஜ் காலி ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாவியை அதே ஆணியில் மாட்டுவாளா, கழிவறைக் கதவிலேயே விட்டுவிட்டு வந்திருப்பாளா, பையைத் திறக்கவே மாட்டாளா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். அவளிடம் ஒரு குரலைக் கடன் வாங்கியவன் அவளுக்கு முடிவு எழுதுவது சரியில்லை.

நீங்கள் எழுதுங்கள். இன்சார்ஜ் திரும்பி, "அக்கா, சாவி எங்க?" என்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கூடத்தில் பன்னிரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடைசி மெஷின்வரை கேட்கிற மாதிரி எழுதுங்கள்.