பக்கத்து வயலில் ஒரு சிவப்புக் கோடு

ஹெதி என்று யாராவது சொன்னாலே என் புருஷன் முன்ஜிக்கு வயிறு எரியும். ஹெதி வேறு யாருமில்லை, அவருடைய சித்தப்பா மகன். எங்கள் ஊர் பேஜாவில் எங்கள் கோதுமை வயலும் அவன் வயலும் ஒட்டிக் கிடக்கின்றன. நடுவே ஒரு வரப்பு. என் நிம்மதியைக் கெடுத்தது அந்த வரப்புதான்.

இந்த வருஷம் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வயலைத்தான் விதைக் கோதுமைக்கு எடுப்போம் என்றது கூட்டுறவுச் சங்கம். நல்ல விலை, அதைவிட ஊரில் பெரிய பெருமை. ஆனால் நோயே இருக்கக் கூடாது. அதைப் பார்க்க ரப்ஹா என்ற இன்ஜினியர் பெண் ட்ரோனோடு வந்தாள். இலை பச்சையாகத் தெரியும்போதே உள்ளே துருநோய் பிடித்திருப்பதை அதன் கேமரா கண்டுபிடித்துவிடுமாம். எத்தனை சதவீதம் என்றுகூடச் சொல்லுமாம்.

படத்தில் எங்கள் வயல் சிவந்து கிடந்தது. ஹெதியின் வயல் பச்சைப் பசேல்.

"உங்களுது பதினெட்டு சதவீதம், பெரியப்பா. உடனே மருந்தடிங்க," என்றாள் ரப்ஹா.

"அவனுது?"

"சுத்தமா இருக்கு."

"உன் மெஷினுக்குக் கண்ணு சரியில்லம்மா."

ஒரே காற்று, ஒரே மழை, அவனுக்கு மட்டும் எப்படி வராமல் போகும் என்பது அவர் கேள்வி. அன்றிலிருந்து மனுஷனுக்கு ரொட்டி இறங்கவில்லை. மருந்தடிக்கக்கூட நேரமில்லை. விடிந்ததும் எங்கள் வயலை மிதித்துக்கொண்டு வரப்பைத் தாண்டுவார். ஹெதியின் கோதுமைக்குள் புகுந்து இலை இலையாகப் புரட்டுவார். திரும்பும்போது கால்சட்டை முட்டிவரை மஞ்சள் தூள்.

"முதல்ல நம்ம வயலைப் பாருங்க. ஹெதிக்கு வராத நோயை ஏன் தேடி அலையுறீங்க?" என்றேன்.

"வந்திருக்கும்டி. மெஷினை ஏமாத்தலாம், என்னை ஏமாத்த முடியாது."

இரண்டு வாரம் கழித்து, ஹெதியும் ஊர்க்காரர்களும் சுற்றி நிற்க, ரப்ஹா மறுபடி ட்ரோனைப் பறக்கவிட்டாள். ஹெதியின் பச்சைக்கு நடுவே சிவப்பு தெரிந்தது. முன்ஜி கைதட்டியே விட்டார். "பாத்தியா! நான் சொன்னேன்ல!"

ரப்ஹா படத்தைப் பெரிதாக்கினாள். சிவப்பு, வரப்பிலிருந்து உள்ளே போய், வளைந்து, மறுபடி வரப்புக்கே வந்தது.

"காத்துல வந்திருந்தா திட்டுத் திட்டா இருக்கும். இது யாரோ நடந்த தடம். நோய் வந்த வயல்ல நடந்தா மஞ்சளா துருத்தூள் துணியில ஒட்டிக்கும். அதோட இங்க வந்திருக்காங்க. விதைக் கோதுமை இனி உங்களுக்கு இல்ல, ஹெதி சித்தப்பா. யாரு வந்தது?"

முன்ஜி பக்கம் நான் திரும்பவே இல்லை. திரும்பினால் எல்லோரும் திரும்பிவிடுவார்களே.

ஹெதி படத்தில் அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினான்.

"முன்ஜி அண்ணன்தான். தன் வயல் அப்படிக் கெடக்கும்போதும், எனக்கு வந்துடுமோன்னு பதறி தினமும் வந்து பாத்துட்டுப் போவாரு. மாடியிலேருந்து பாத்திருக்கேன். பாசத்துல செஞ்சது. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு முன்ஜியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் முன்ஜி பேசவில்லை. மனசு உறுத்துகிறது போலிருக்கிறது, இனியாவது திருந்துவார் என்று நினைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

"பாத்தியாடி அவனை? இதுலயும் நல்ல பேரை அவனே தட்டிக்கிட்டுப் போயிட்டான்!"