மூன்றாம் பிரதி

லூகாங் ஊரில் தண்ணீர்க் குழாய் செய்யக் கற்றவன் எவனும் சும்மா இருக்கமாட்டான். ஒருநாள் எதிர்த்தெருவிலேயே பட்டறை போட்டு, அதே குழாயை விற்பான். யுவேஹுவாவின் கணவனே அப்படிப் போட்டவன்தான். அவன் இறந்தபின் முதலாளியம்மாவாகிவிட்ட அவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான், குழாய் வரைபடங்களுக்கு மூன்று பிரதி வேண்டும், ஒன்று கட்டாயம் கட்டடத்துக்கு வெளியே இருக்கவேண்டும் என்று கம்ப்யூட்டர்க்கார லியாவ் சொன்னதும் அவளுக்குத் தூக்கம் போனது. வரைபடங்கள் அழிந்தால் பட்டறையை இழுத்து மூடவேண்டியதுதான். ஆனால் வெளியே என்றால் யார் வீட்டில்?

ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. இரண்டாவதை ஒரு டிஸ்க்கில் போட்டுத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவ்வப்போது திறந்து சோதிக்கவேண்டும் என்ற லியாவிடம், சோதிக்கிற சாக்கில் உருவிக்கொண்டு போகவா என்று கேட்டு வாயடைத்தாள்.

மூன்றாவதைக் கொழுந்தன் ஷெங்காயிடம் கொடுப்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. கணக்கெழுதும் பிலியெனோ, பிறந்ததே குழாய்க்காரர் வீட்டில். யோசித்து யோசித்து ஒரு வழி பிடித்தாள்: டிஸ்க் ஷெங்காயிடம், அதைத் திறக்கும் பாஸ்வேர்டு பிலியெனிடம். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். பட்டறையின் வருடக் கடைசி விருந்தில் தட்டில் இருக்கும் கோழித்தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு வேலை போகும் என்பார்கள். ஒருமுறை ஷெங்காய் விளையாட்டாகத் தட்டைத் திருப்பி அதைப் பிலியென் பக்கம் வைத்தான். அவள் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பகைதான் உறுதியான பூட்டு என்று யுவேஹுவா நினைத்தாள்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. ஒருநாள் கோயில் பக்கத்துக் கடையில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிப்பி ஆம்லெட் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டாள். அட பாவிகளா! அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். இருவரையும் வேலையைவிட்டு அனுப்பிவிட நாளும் குறித்துவிட்டாள்.

அதற்குள் புயல் வந்தது. மின்சாரம் போய்த் திரும்பிய வேகத்தில் கம்ப்யூட்டர் கருகியது. ஓடிப்போய் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். லியாவ் அந்த டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். பூட்டியே கிடந்து பழுதாகியிருந்த அதில் எதுவுமே இல்லை.

வேறு வழியின்றி ஷெங்காயையும் பிலியெனையும் கூப்பிட்டாள். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். பிலியென் பாஸ்வேர்டைத் தட்ட, ஒவ்வொரு குழாயாகத் திரையில் வந்தது. யுவேஹுவாவுக்கு உயிர் திரும்பியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதை ரெண்டு பேரும் எத்தனை தடவை திறந்தீங்க?"

"மாசாமாசம் திறந்து பார்த்தோம் அண்ணி," என்றான் ஷெங்காய். "போன வருஷம் ஒரு டிஸ்க் செத்தே போச்சு. லியாவை வச்சு வேற மாத்தினோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எங்களைத்தானே சந்தேகப்படுவீங்க, முதலாளியம்மா," என்றாள் பிலியென்.

யுவேஹுவா நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"வேற யாருக்காவது எடுத்துக் கொடுத்தீங்களா?"

ஷெங்காய் டிஸ்க்கைக் கழற்றி அவள் கையில் வைத்தான். பிலியென் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் வைத்தாள். இருவரும் வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள்.

லியாவ் புதுக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். கடைசியில், இனி மூன்றாவது பிரதி யாரிடம் இருக்கும் என்று கேட்டான். ஊர் முழுக்க மனசால் தேடிப் பார்த்தாள் யுவேஹுவா. ஒரு பெயரும் கிடைக்கவில்லை.