மலர்ச்சாலைப் பூச்சு

மலர்ச்சாலையில் அலங்கரித்து அனுப்பிய சவப்பெட்டியின் மூடியைத் திறந்ததும், வேறு யாரையோ கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் துஷ்யந்தி நினைத்தாள்.

சேலை அம்மாவுடையது. மூக்குத்தியும் அம்மாவுடையது. முகம் மட்டும் இல்லை. நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒரே நிறத்தில், துணிக்கடைப் பொம்மைபோல வழவழவென்று இருந்தது.

"என்ன லட்சணமா இருக்காங்க பாரு," என்றாள் பக்கத்து வீட்டு நிஷாந்தி. "உயிரோட இருக்கப்பகூட இப்படி இருந்ததில்ல."

அப்பா சந்திரகுமார் மூலையில் கதிரையொன்றில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். துஷ்யந்தி அத்தையைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"யாரு அத்தை அம்மாவுக்கு இப்படிப் பூசச் சொன்னது?"

அப்பாவின் தங்கை சந்திரிகா குரலைத் தாழ்த்தினாள். "நான்தான் மலர்ச்சாலையில சொன்னேன். ஒங்கப்பாவும் சரின்னாரு. புசல்லாவையில இருந்து சுதேஷோட அம்மா வந்துக்கிட்டிருக்காங்க. அவங்க ஒங்கம்மாவப் பாத்ததே இல்ல. மூஞ்சியில அந்த வெள்ளத் திட்டப் பாத்தா, நாளைக்கு ஒனக்கும் வரும், பொறக்கிற புள்ளைக்கும் வரும்னு யோசிக்க மாட்டாங்களா?"

"சுதேஷுக்குத் தெரியும்."

"அவனுக்குத் தெரிஞ்சு என்ன? கல்யாணத்த முடிவு பண்றது அவனா?"

சுதேஷும் துஷ்யந்தியும் ஒரே அலுவலகம். நெஞ்சுவலியோடு பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுகூட அம்மா, "அந்தப் பையன் வீட்டுல எப்ப வர்றாங்க?" என்றுதான் கேட்டாள்.

அம்மா இராஜகுமாரி கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். திட்டுகள் கன்னத்துக்கு வந்தபோது முதலாளி அவளைப் பின்னறையில் பெட்டி அடுக்க அனுப்பினார். பல வருடங்கள் காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து, பழுப்புக் களிம்பை அப்பிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். ஒருநாள் அடைமழையில் அது கரைந்து ரவிக்கையில் வழிந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்தவள் டப்பாவைக் குப்பையில் போட்டாள். மறுநாள் வெறும் முகத்தோடு போய்க் கடையின் முன்பக்கத்தில் நின்றாள். "சேல எடுத்துக் காட்டறது கைதானே முதலாளி, கன்னமில்லையே" என்றாளாம். குழந்தைகள் யாராவது முகத்தில் என்னவென்று கேட்டால் கன்னத்தைத் திருப்பிக் காட்டுவாள். "இலங்கைப் படம்டா. கண்டி எங்க இருக்குன்னு சொல்லு பாப்போம்."

அதற்குப் பிறகு கல்யாண வீடுகளுக்குக்கூட அவள் பவுடர் போட்டுக்கொண்டு போனதில்லை.

சுதேஷும் அவன் அம்மா நல்லம்மாவும் வந்து சேர்ந்தபோது எண்ணெய் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் கிண்ணத்தில் புறங்கையை நனைத்து, அம்மாவின் தலையில் தொட்டுவைத்து நகர்ந்தார்கள். நல்லம்மா பெட்டியருகே நின்று, "மகாலட்சுமி மாதிரி இருக்காங்க," என்று கண்ணைத் துடைத்தாள். அத்தை நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

துஷ்யந்தியின் முறை வந்தது. புறங்கையை நனைத்துத் தலையில் வைத்தாள். பிறகு கையைத் திருப்பி, விரல் நிறைய எண்ணெய் எடுத்து, அம்மாவின் கன்னத்தில் தேய்த்தாள்.

பூச்சு குழைந்து விரலோடு வந்தது. அடியில் வெள்ளை தெரிந்தது.

"என்னடி பண்ற?" அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "கிறுக்கு புடிச்சிருச்சா? விடு."

"அம்மா மூஞ்சியத் தொடைக்கிறேன் அத்தை."

கையை விடுவித்துக்கொண்டாள். மற்றக் கன்னம். உதட்டோரம். கண்ணைச் சுற்றி மெதுவாக. அறையில் அழுகை நின்றுபோனது. வாசலில் தப்பு அடிப்பவர்கள் மட்டும் ஒன்றும் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லம்மா பின்வாங்கினாள். இராஜகுமாரியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு துஷ்யந்தியின் கழுத்தை, முழங்கையை, விரல்நுனிகளைப் பார்த்தாள்.

"சுதேஷ், வா. தூரம் போகணும்."

சுதேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். துஷ்யந்தி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் வாசலுக்குப் போய், குனிந்து, செருப்பைத் தேடத் தொடங்கினான்.

"இப்ப திருப்தியா ஒனக்கு?" அத்தை கிண்ணத்தைப் பறித்துக்கொண்டாள்.

அப்பா கதிரையிலிருந்து எழுந்து வந்தார். தங்கையின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, மகள் பக்கம் தாழ்த்திப் பிடித்தார்.

அம்மாவின் காதுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் பூச்சு இருந்தது. துஷ்யந்தி விரலை நனைத்தாள்.